தேதிக்கு மட்டும் கையெழுத்து போடுறோம்

பொட்டி தட்டுற நம்ம ஆளுங்ககிட்ட "ஒப்பந்தம்"னு சொல்லிப் பாருங்க. ரெண்டு கோஷ்டியா பிரிஞ்சுடுவாங்க. ஒரு கோஷ்டி, "அதெல்லாம் சேல்ஸ் ஆளும் வக்கீலும் பாத்துக்கற சமாச்சாரம், நமக்கெதுக்கு"ன்னு எஸ்கேப் ஆயிடும். இன்னொண்ணு அஜைல் கோஷ்டி. 2001-ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்து மலை விடுதி ஒண்ணுல 17 பேர் கூடி எழுதின அஜைல் அறிக்கையை எடுத்து நீட்டும். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோட சேர்ந்து வேலை பாக்குறது பெருசு, திட்டத்தைப் பிடிச்சுத் தொங்குறதைவிட மாற்றத்துக்கு ஈடு கொடுக்குறது பெருசுன்னு அதுல இருக்கு. அதை வச்சு ஒப்பந்தமும் வேணாம், திட்டமும் வேணாம்னு முடிவு கட்டிடுவாங்க. பின்னால தள்ளின விஷயத்துக்கும் மதிப்பு உண்டுன்னு அதே அறிக்கை கீழே சொல்லுது. அந்த வரி மட்டும் யார் கண்ணுக்கும் படாது :-)

என் கட்சி வேற. திட்டம் போடுற வேலை எப்படி நடக்கணும்ங்கறதை ஒப்பந்தத்துலயே எழுதி வைக்கணும். அதை எழுதாம விட்டதாலதான் நம்ம ஞாயித்துக்கிழமை எல்லாம் ஆபீஸ்ல கழியுது.

இப்ப நம்ம ஒப்பந்தம் எப்படி இருக்கு? ஃபிக்சட் பிட் ப்ராஜெக்ட்னு வச்சுக்கோங்க. என்ன செஞ்சு தரணும்னு ஒரு பின்னிணைப்பு. எவ்வளவு காசு. எந்தத் தேதி. தேதி தவறினா வாரத்துக்கு இத்தனை சதவீதம் அபராதம். ஏதாவது மாத்தணும்னா சேஞ்ச் ரெக்வெஸ்ட். திட்டத்தைப் பத்தி ஒரே ஒரு வரி இருக்கும்: கையெழுத்தான இத்தனை நாளுக்குள்ள ப்ராஜெக்ட் பிளான் கொடுக்கணும். கொடுத்துடுவோம். இருநூறு வரி, கலர் கலரா பட்டை. க்ளையண்ட் ஒரு தடவை திறந்து பாப்பார். அதுக்கப்புறம் அது ஷேர்டு ஃபோல்டர்ல நிம்மதியா தூங்கும்.

ஊர்ல வீடு கட்டுற கதைதான் இது. தை மாசம் பால் காய்ச்சுறதுன்னு முதல்ல நாள் குறிச்சுடுவாங்க. பத்திரிகையும் அடிச்சாச்சு. மேஸ்திரி "ஆகட்டும்ங்க"ம்பார். கார்த்திகை வரைக்கும் "ஆகட்டும்ங்க"தான். மார்கழி பொறந்த பிறகுதான் தெரியும், பூச்சு வேலையே முடியலைன்னு. இதுல மேஸ்திரியைப் பொய்யர்னு சொல்லி என்ன புண்ணியம்? ஐப்பசியிலயே உண்மையைச் சொல்லியிருந்தா அவருக்கு என்ன கிடைச்சிருக்கும்? திட்டு. சொல்லாம இருந்ததால? ரெண்டு மாசம் நிம்மதி. அவர் இடத்துல யார் இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. நாமளும் செய்யறோம்.

நம்ம ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்டைப் பாருங்களேன். தர்பூசணி. வெளியே பச்சை, வெட்டினா சிவப்பு. நான் இருந்த ஒரு ப்ராஜெக்ட்ல கடைசி மூணு வாரம் வரைக்கும் எல்லாமே பச்சைதான். ஒரே ஒரு ஆளு, டெஸ்டிங்ல இருந்தவர், "இது அந்தத் தேதிக்கு முடியாது"ன்னு முதல் மாசமே மெயில் போட்டார். அவருக்கு அந்த வருஷ அப்ரைசல்ல கிடைச்ச பட்டம், "எதிர்மறை அணுகுமுறை". பச்சை பச்சையா ரிப்போர்ட் போட்ட டேமேஜருக்கு ஆன்சைட். உண்மை சொன்னவனுக்கு ஆப்பு, மறைச்சவனுக்கு விசா. தனி மனுஷங்க குணத்தைத் திட்டி இது மாறாது. உண்மை சொன்னா நஷ்டம்னு விதியை அமைச்சுட்டு, உண்மையை எதிர்பாக்குறது எந்த ஊர் நியாயம்?

இந்த எடத்துல நம்ம சிவில் அண்ணாச்சிங்க நமக்கு ரொம்ப முன்னாடி போயிட்டாங்க. காலேஜ்ல "கல்லு மண்ணு டிபார்ட்மெண்ட்"னு நாம கிண்டல் பண்ணின அதே ஆளுங்கதான். ஹாஸ்டல்ல என் பக்கத்து ரூம்ல இருந்த ஒருத்தன் இப்ப இங்கிலாந்துல பிளானிங் எஞ்சினியர். அவன் சொல்லித்தான் என்.இ.சி.ங்கற ஒப்பந்த வரிசையைப் பத்தி எனக்குத் தெரியும்.

பிரிட்டன்ல சிவில் எஞ்சினியர்களோட சங்கம் 1993-ல வெளியிட்டது. முன்னால நின்னு எழுதினவர் மார்ட்டின் பார்ன்ஸ். நேரம், செலவு, தரம்னு நம்ம டேமேஜருங்க பவர்பாயிண்ட்ல போடுற முக்கோணம் இருக்கே, அதைப் பிரபலமாக்கினவரும் இவர்தான். 2005-ல மூணாவது பதிப்பு, 2017-ல நாலாவது. 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானம் மூணாவது பதிப்பை வச்சுத்தான் நடந்துச்சு. வக்கீல் பாஷையைக் குறைச்சு, "செய்கிறார்", "தெரிவிக்கிறார்"னு நிகழ்காலத்துல சின்னச் சின்ன வாக்கியமா எழுதியிருப்பாங்க. இது அர்த்தம் பாக்குறதுக்கு வசதியா இல்லன்னு 2010-ல ஒரு இங்கிலாந்து நீதிபதி தீர்ப்புலயே அலுத்துக்கிட்டார்.

அந்த ஒப்பந்தத்துல 31, 32-ஆம் பிரிவுகள் முழுக்க முழுக்க திட்டம் எப்படிப் போடணும்ங்கறதுக்குத்தான். நான் ரசிச்ச விஷயங்களைச் சொல்றேன்.

முதல் விஷயம், காசு. ஆரம்பத் திட்டத்தை, கேட்ட விவரங்களோட கொடுக்கற வரைக்கும் அதுவரை செஞ்ச வேலைக்கான தொகையில கால் பங்கை நிறுத்தி வைக்கலாம். நாலுல ஒரு பங்கு! நம்ம ஊர்ல பிளான் கொடுக்கலைன்னா என்ன ஆகும்? ஒரு ரிமைண்டர் மெயில் வரும்.

ரெண்டாவது, திட்டத்துல என்னென்ன தெரியணும்னு பட்டியல் இருக்கு. எந்த வேலைக்கு அப்புறம் எந்த வேலை, எந்த ஆள், எந்த இயந்திரம்ங்கறதோட நிக்கல. எங்கே கொஞ்சம் தள்ளிப் போனாலும் பரவாயில்லைங்கற இடைவெளி, எதிர்பாராததுக்காக ஒதுக்கி வச்ச நாட்கள், ரெண்டையும் வெளிப்படையா காட்டணும். நம்ம ஊர்ல அந்த ஒதுக்கீட்டை வெளியே சொன்னா மறுநாளே வெட்டிடுவாங்க. அதனால டெவலப்பர் அஞ்சு நாள் வேலையை ஏழுங்கறான், லீட் அதைப் பத்தாக்குறார், டேமேஜர் எல்லாத்தையும் பாதியாக்குறார். கடைசியில வர்ற நம்பருக்கும் வேலைக்கும் எந்தச் சொந்தமும் கிடையாது.

மூணாவது, க்ளையண்ட்டுக்கும் கடமை உண்டு. அவர் தரப்புல இருந்து எது எந்தத் தேதிக்கு வேணுங்கறதும் அதே திட்டத்துல இருக்கணும். திட்டம் கொடுத்தா அவரோட மேலாளர் ரெண்டு வாரத்துக்குள்ள ஏத்துக்கணும், இல்ல காரணம் சொல்லணும். "பிடிக்கல"ங்கறது காரணம் ஆகாது. நாலே காரணம்தான் செல்லும்: நடைமுறைக்கு ஒத்து வராது, கேட்ட விவரம் இல்ல, யதார்த்தமா இல்ல, வேலை விவரத்தோட ஒத்துப் போகல. நாலாவது பதிப்புல இன்னும் ஒரு படி மேல. பதிலே வரலைன்னா ஒப்பந்தக்காரர் ஞாபகப்படுத்தலாம். அதுக்கப்புறமும் ஒரு வாரம் மௌனம்னா, ஏத்துக்கிட்டதா அர்த்தம்.

நாலாவது, திருத்தம். குறிச்ச இடைவெளிக்கு ஒரு தடவை (பெரும்பாலும் மாசம் ஒண்ணு) திட்டத்தைத் திருத்திக் கொடுத்தே ஆகணும். இதுவரைக்கும் நிஜமா என்ன முடிஞ்சிருக்கு, அதனால மிச்ச வேலை எப்படி நகருது, தாமதத்தை எப்படிச் சமாளிக்கப் போறோம், எல்லாம் அதுல இருக்கணும்.

அஞ்சாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: முன்கூட்டியே எச்சரிக்கை. செலவு கூடலாம், தேதி தள்ளலாம்னு தெரிஞ்ச உடனே ரெண்டு தரப்புல யாருக்குத் தெரிஞ்சாலும் மத்தவங்களுக்குச் சொல்லணும். சொன்னா உக்காந்து பேசி வழி தேடணும். அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர் சொல்லியிருக்கக் கூடிய எச்சரிக்கையைச் சொல்லாம விட்டா, பின்னால நஷ்ட ஈடு கணக்குப் போடும்போது சொல்லியிருந்தா எவ்வளவு ஆகியிருக்குமோ அவ்வளவுதான் கிடைக்கும். அதாவது மறைச்சவனுக்குத்தான் நஷ்டம். நம்ம டெஸ்டிங் ஆளு அங்கே இருந்திருந்தா கம்பெனி காசைக் காப்பாத்தினவர்னு கை குலுக்கியிருப்பாங்க.

"நீ சொல்றதெல்லாம் பாலத்துக்குச் சரி தம்பி, சாஃப்ட்வேர்ல ஆறு மாசம் கழிச்சு என்ன வேணும்னே தெரியாதே"ன்னு கேப்பீங்க. கரெக்ட். அதனாலதான் சொல்றேன். இந்தப் பிரிவுகள் திட்டம் பலிக்கணும்னு கேக்கல. இன்னிக்குத் தெரிஞ்ச வரைக்கும் யதார்த்தமா இருக்கணும், தெரியறது மாறினா திட்டமும் மாறணும்னுதான் கேக்குது. இது அஜைலுக்கு விரோதியா? எனக்கென்னவோ பங்காளியாத்தான் தெரியுது. இப்ப நம்ம ஆபீஸுக்குள்ள ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை திட்டம் மாறுது. வெளியே ஒப்பந்தத்துல ஒரே ஒரு தேதி கல்லுல வெட்டின மாதிரி நிக்குது. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற பள்ளத்தை எதைப் போட்டு நிரப்புறாங்க? நம்ம ராத்திரியையும் ஞாயித்துக்கிழமையையும் போட்டு.

நம்ம துறையில தேதி மட்டும் இருந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையோட சம்பள மென்பொருள் உதாரணம். 2010 மார்ச்ல ஓட விட்டாங்க. நர்சுகளுக்குச் சம்பளம் கூடக் குறைய வந்துச்சு, சிலருக்கு வரவே இல்ல. எல்லாம் சேர்த்து 120 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல செலவுன்னு கணக்கு. 2013-ல விசாரணை கமிஷன் சொன்ன முக்கியக் காரணம் ரெண்டு: தேவையில்லாத அவசரம், அரசு அதிகாரிகளோட அக்கறையின்மை. சர்வர், கோடு எல்லாம் அதுக்குப் பின்னாடிதான்.

இதுக்கு நேர் எதிரான உதாரணத்தையும் சொல்லிடணும், இல்லன்னா நேர்மையா இருக்காது. லண்டன் க்ராஸ்ரெயில். நான் மேல புகழ்ந்த அதே என்.இ.சி. ஒப்பந்தக் குடும்பம்தான். 2018 டிசம்பர்ல திறக்குறதா இருந்துச்சு. தள்ளிப் போகுதுன்னு வெளியே சொன்னது 2018 ஆகஸ்ட் கடைசியில. நிஜமா திறந்தது 2022 மே மாசம். பிரிட்டன் தணிக்கை அலுவலகம் 2019-ல பாத்துட்டு, யதார்த்தமான திட்டம் இல்லாததையும் ஒப்பந்த அமைப்பையும் காரணங்கள்ல சேர்த்துச்சு. முப்பதுக்கு மேல பெரிய ஒப்பந்தங்கள். ஒவ்வொண்ணுலயும் பிரிவு 31 இருக்கலாம், ஆனா எல்லாத்தையும் சேத்துப் பாத்து "இந்தத் தேதி நடக்காது"ன்னு மேல இருக்கறவங்க ஒத்துக்கணுமே?

ஆக, காகிதம் தானா வேலை செய்யாது. திட்டத்தை ஏத்துக்காமலே இழுத்தடிக்கிற க்ளையண்ட்டும் உண்டு, தன் வசதிக்குக் கூடுதல் பிரிவு சேர்த்து எல்லா ரிஸ்க்கையும் ஒப்பந்தக்காரர் தலையில கட்டுற க்ளையண்ட்டும் உண்டுன்னு என் நண்பனே புலம்புவான். ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே உண்மையை அமுக்குறவன் விதியை மீறித்தான் அமுக்கணும். இங்கே விதியே அமுக்கச் சொல்லுது.

என்னைக் கேட்டா, நம்ம ஒப்பந்தத்துல ஒரே ஒரு பக்கம் சேர்த்தா போதும்:

1. மாசா மாசம் திருத்தின திட்டம் கூட வந்தாத்தான் இன்வாய்ஸ் முழுசா பாஸ் ஆகும்.

2. எதிர்பாராததுக்கு ஒதுக்கின நாட்களை வெளியே காட்டணும். காட்டினதை யாரும் பிடுங்கக் கூடாது.

3. டெஸ்ட் டேட்டா, சர்வர் அனுமதி, சரி பாக்குற ஆட்கள்னு க்ளையண்ட் தர வேண்டியதுக்கும் அதே திட்டத்துல தேதி.

4. திட்டத்துக்கு ரெண்டு வாரத்துல பதில். மௌனம் சம்மதம்.

5. எச்சரிக்கை கொடுத்தது குற்றத்தை ஒத்துக்கிட்டதா ஆகாது. தெரிஞ்சும் சொல்லாததுதான் குற்றம்.

அஞ்சாவதை மட்டும் எழுத சம்மதிச்சாக்கூட எனக்குப் போதும். அது ஒப்பந்தத்துல இருந்தா கம்பெனிக்குள்ளயும் இறங்கும். சீக்கிரம் சொன்னா காசு மிச்சம்னு ஆனப்புறம், சீக்கிரம் சொல்றவனை எந்த டேமேஜரும் அப்ரைசல்ல கொட்ட மாட்டார்.

அடுத்த தடவை உங்க ப்ராஜெக்ட் ஒப்பந்தம் கண்ணுல பட்டா சும்மா ஒரு வேலை பண்ணுங்க மக்களே. "தேதி"ங்கற வார்த்தை எத்தனை தடவை வருது, "திட்டத்தைத் திருத்தி"ங்கறது எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாருங்க. அந்த வருஷம் உங்க வீட்டு விசேஷத்துல எதுக்கெல்லாம் போக முடியும்னு அப்பவே தெரிஞ்சுடும்.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல, சிவில் எஞ்சினியரும் இல்ல. ஆணி பிடுங்குற ஆளு. ஆணி பிடுங்குறவனுக்குத்தான் எந்த ஆணி தேவையில்லாததுன்னு தெரியும் ;-)