திறந்த கதவு

"யார் வந்தாலும் சேர்த்துக் கொள்கிறார்களாமே, அதுவும் ஒரு கல்லூரியா?" என்று ஏளனம் பேசுவோர் அமெரிக்காவிலே உண்டு. எத்தனை பேரை விரட்டினோம் என்று கணக்குக் காட்டி, அதையே தகுதி என்று தம்பட்டமடிக்கும் பல்கலைக் கழகங்கள் நிறைந்த நாடல்லவா அது! அந்த ஏளனத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையே பதில் சொல்கிறது. எடுவார்டோ பட்ரோன் அவர் பெயர்.

கியூபாவிலே பிறந்தவர். 1961ல், பதினைந்து வயதிலே, அகதியாக அமெரிக்க மண்ணில் கால் வைத்தார். கையிலே காசில்லை, நாவிலே ஆங்கிலமில்லை. கல்லூரிகளின் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. திறந்தது ஒன்றே ஒன்றுதான். மயாமி நகரத்துச் சமுதாயக் கல்லூரி!

அது என்ன சமுதாயக் கல்லூரி? பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், பகலில் உழைப்பவன் இரவில் படிக்க வகுப்பு, "உன் மதிப்பெண் என்ன?" என்று வாயிலில் வழிமறிக்காத ஏற்பாடு. 1901ல் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜோலியட் நகரிலே முளைத்த விதை, நாடெங்கும் தழைத்தது. மயாமிக் கல்லூரி 1960ல் பிறந்தது. நிறவெறி கொடிகட்டிப் பறந்த தென்பகுதியிலே, வெள்ளையரையும் கறுப்பரையும் ஒரே கூரையின் கீழ் அமர்த்தியது.

அங்கே படித்த பட்ரோன், 1970ல் பிளாரிடா பல்கலைக் கழகத்திலே பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றதும் பழைய இடத்தை மறந்தாரா? ஏறிவந்த ஏணியை எட்டி உதைத்தாரா? இல்லை! தன்னை ஏற்றுக்கொண்ட கல்லூரிக்கே ஆசிரியராகத் திரும்பினார். 1995ல் தலைவரானார், 2019 வரை, இருபத்து நான்கு ஆண்டுகள், அந்தப் பொறுப்பிலே இருந்தார்.

அவருடைய காலத்திலே கல்லூரி வளர்ந்தது. ஆண்டுக்கு ஒரு இலட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர் பயிலும் நிலைக்கு உயர்ந்தது. யார் அந்த மாணவர்கள்? கோடீசுவரரின் குமாரர்களா? ஓட்டலிலே தட்டுக் கழுவுபவன், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்கும் தாய், குடும்பத்திலே முதன் முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவன், இப்படிப்பட்டவர்கள்! அவர்களுக்கு இரண்டாண்டு போதும் என்று நிறுத்தவில்லை. 2003ல் நான்காண்டுப் பட்டப் படிப்பும் தொடங்கியது. கல்லூரியின் பெயரிலிருந்து 'சமுதாயம்' என்ற சொல் நீங்கிற்று. சொல் போயிற்று, கதவு மூடப்படவில்லை.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. இப்படிப்பட்ட கல்லூரிகளிலே சேருகிறவர் பலர், முடிப்பவர் சிலர். வேலை இழுக்கும், வாடகை நெருக்கும், பாதியிலே நின்றுவிடுவார்கள். கதவைத் திறந்துவைத்தால் மட்டும் போதாது, உள்ளே வந்தவன் பட்டத்தோடு வெளியேற வேண்டும் என்பதை உணர்ந்தது மயாமிக் கல்லூரி. மாணவனுக்கு வழிகாட்டியை அமர்த்தினார்கள். எந்தப் பாடத்துக்குப் பின் எந்தப் பாடம் என்று பாதை வகுத்துத் தந்தார்கள். 2019ல், சிறந்த சமுதாயக் கல்லூரிக்கான ஆஸ்பென் பரிசு அதைத் தேடி வந்தது. அதற்கு முன்பே, 2016ல், குடியரசுத் தலைவர் ஒபாமா, நாட்டின் தலைசிறந்த குடிமக்கள் விருதான சுதந்திரப் பதக்கத்தைப் பட்ரோனுக்கு அணிவித்தார். அகதிச் சிறுவனின் கழுத்திலே அமெரிக்காவின் பதக்கம்!

அவர் விலகியபோது அடுத்த தலைவர் யார் என்பதிலே சச்சரவு மூண்டது. ஆளுநர் நியமித்த புதிய உறுப்பினர்கள் அமர்ந்த நிர்வாகக் குழு, நடந்துகொண்டிருந்த தேர்வை 2019லேயே நிறுத்தி, மீண்டும் தொடங்கியது. ஆசிரியர்கள் ஆத்திரப்பட்டார்கள். மக்கள் கல்லூரி என்றால் அதன்மீது அதிகாரத்தின் கண் விழாமல் இருக்குமா? முடிவில், 2021 தொடக்கத்திலே தலைமை ஏற்றவர் மேடலின் புமரியேகா. அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. அதே கல்லூரியின் பழைய மாணவி!

இதிலே நாம் காணும் பாடம் என்ன? பட்ரோனுக்குத் திறமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு கதவும் அன்று மூடியிருந்தால் அந்தத் திறமை என்னவாகியிருக்கும்? எங்கோ ஒரு கிடங்கிலே மூட்டை தூக்கி மறைந்திருக்கும். யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். யாரும் அழுதிருக்கவும் மாட்டார்கள். தகுதி பார்த்துக் கதவைத் திறக்கிறோம் என்கிறார்கள். கதவைத் திறந்த பிறகல்லவா, தோழர்களே, தகுதி தெரிகிறது!