மந்தை ஓட்டும் நாய்

"அவுஸ்திரேலியாவில் நாய்களை விட்டு மாடுகளை ஓட்டுகின்றார்களாமே, அது வாயில்லாச் சீவன்களுக்குச் செய்யுங் கொடுமையன்றோ?" என்று மாணவர் ஒருவர் நம்மை வினவினார். கேட்கத் தகுந்த கேள்வியே. முற்றத்துப் பசுவைக் கயிற்றிற் பிடித்து நடத்திப் பழகிய நமக்கு, அதன் பின்னே ஒரு நாய் ஓடக் கண்டால் கல்லெடுக்கவே கை எழும். ஆனால், பண்ணை என்னுஞ் சொல்லுக்கு அங்கே பொருள் வேறு. தென் அவுஸ்திரேலியாவிலுள்ள அன்னா கிறீக் என்னும் மாட்டுப் பண்ணையொன்றின் பரப்பு மாத்திரம் 15,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டது. நம் இலங்கைத் தீவின் நாலிலொரு பங்கு என்றே கொள்ளலாம். அத்தகைய வெளிகளிற் கயிறு என் செய்யும்? சிறு விமானமும் மோட்டார்ச் சைக்கிளும் குதிரையுங் கொண்டே மந்தைகளைத் திரட்டுகின்றனர். இவற்றோடு, பல பண்ணைகளில் நாயும் ஒரு வேலையாளாய் நிற்கின்றது.

இந்த வேலைக்கென்றே ஒரு நாயினத்தை உருவாக்கியவர் தோமஸ் ஹோல் என்பவர். நியூ சவுத் வேல்ஸில் மந்தைகள் வைத்திருந்த இவர், 1840ஆம் ஆண்டுகளில், வட இங்கிலாந்திலிருந்து வருவித்த மாட்டு நாய்களை அந்நாட்டுக் காட்டு நாயாகிய டிங்கோவுடன் கலந்து ஒரு வருக்கத்தைப் பெற்றார். அந்த நாய் அதிகங் குரைப்பதில்லை. ஓசையின்றிப் பின்னே வந்து, மாட்டின் குதிக்காலை மெல்லக் கவ்விவிட்டு, உதை வருமுன் நிலத்தோடு நிலமாய்ப் பதுங்கிவிடும். உதை அதன் தலைக்கு மேலாற் போய்விடும். ஆட்டுக் கடாவைக் கொல்லுகின்றதென்று குடியேறியோர் வெறுத்த டிங்கோவின் இரத்தமே அவர்தம் மாடுகளுக்கு மேய்ப்பனாய் வந்தது ஒரு வேடிக்கைதான்.

நாய் ஓட்டினால் மாடு ஏன் நடக்கின்றது என்பதை முதலில் விளங்கிக் கொள்ளல் வேண்டும். அன்பினாலன்று, அச்சத்தினாலேயே நடக்கின்றது. மாட்டின் கண்ணுக்கு நாய் ஓநாயின் உறவினன். ஒவ்வொரு மாட்டையுஞ் சுற்றிக் கண்ணுக்குப் புலனாகாத ஓர் எல்லை உண்டு. அதற்குள் அன்னியர் புகுந்தால் மாடு விலகும். புகுந்தவர் பின்வாங்கினால் நின்றுவிடும். தோளுக்குப் பின்னே நின்று நெருங்கினால் முன்னே போகும். தோளுக்கு முன்னே நின்று நெருங்கினாற் பின்வாங்கும். இவற்றையெல்லாம் நுணுகி நோக்கி எழுதியவர் அமெரிக்காவின் கொலறாடோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியை ரெம்பிள் கிராண்டின் அம்மையார். 1947இற் பிறந்த இவர் ஓட்டிசம் உடையவர். சொற்களால் அன்றிப் படங்களாற் சிந்திப்பதாகத் தம்மைப்பற்றிக் கூறுபவர். மாடு எதைக் கண்டு மிரளுகின்றதென்று அறிய, அது நடக்கும் ஒடுங்கிய வழியிலே தாமும் இறங்கி நடந்து பார்த்தவர்.

நல்ல நாய் இந்த எல்லையின் ஓரத்தில் நின்றே வேலை செய்யும். மாடு விலகியவுடன் நாயுந் தளர்ந்துவிடும். "விலகினேன், அச்சம் நீங்கியது" என்று மாடு கற்றுக்கொள்ளுகின்றது. அடுத்த முறை நாயைக் கண்டதும் பதறாது நடக்கின்றது. திறந்த வெளியிலே, சொற்கேட்கும் நாயைக் கொண்டு மந்தையை ஓட்டுவது கொடுமையென்று நமக்குத் தோன்றவில்லை. பற்றைக் காட்டுக்குள் ஒளிந்த மாட்டைத் தேடுவதற்கு நாயை விடச் சிறந்த துணை மனிதனுக்கு இல்லை.

பட்டிக்குள் நிலைமை தலைகீழாகின்றது. வேலிக்கும் நாய்க்கும் இடையில் அகப்பட்ட மாடு எங்கே விலகும்? விலக வழியில்லாத மாட்டைக் கடித்தால் அது உதைக்கக் கற்கும். பின் மனிதனையும் உதைக்கும். ஒடுங்கிய பட்டியிலும் ஏற்றும் வழியிலும் நாயை விடலாகாது என்று கிராண்டின் அம்மையார் வற்புறுத்துவது இதனாலேயே. நம் மாணவர் கூறிய கொடுமை அங்கே உண்மையாகின்றது. நட்டமும் அங்கேதான். மிரண்ட பசுவின் உடலில் ஊறும் அதிரீனலின் பாலிறக்கத்தைத் தடுக்கும். இறைச்சிக்கு வளர்ப்போர் கணக்கு நமக்கு உவப்பான பேச்சன்று, ஆயினும் சொல்லிவிடுவோம். அறுப்புக்குமுன் நெடுநேரம் அலைக்கழிந்த மாட்டின் தசை கருத்துப்போய் விலை குறையும்.

கன்றீன்ற பசுவிடமும் நாய் போகலாகாது. அது மந்தையை மறந்து நாயின்மேலே பாயும். நாய் எசமானின் காலடிக்கு ஓடிவர, கொம்பும் அங்கேயே வரும். ஓநாய் நடமாடும் மலைநாடுகளில் இன்னும் ஒரு சங்கடம். ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வெளியிட்ட ஆய்வொன்றிலே, ஓநாயின் மூத்திர வாடையையும் ஊளையொலியையும் வாரிற் பிடித்த நாய்களையும் மாடுகளுக்குக் காட்டினர். ஓநாய்த் தொல்லை கண்ட பண்ணையிலிருந்து வந்த பசுக்களுக்கு உடல் வெப்பம் ஏறியது. அத்தொல்லை அறியாத பசுக்களுக்கு ஏறவில்லை. எனவே, ஒரு பண்ணையிற் பயன்பட்ட நாய் இன்னொரு பண்ணையிற் பயன்படுமென்று கண்ணை மூடிக்கொண்டு கூறிவிட முடியாது. மந்தையின் பழைய அனுபவத்தைக் கேட்டறிந்தே நாயை வாங்கல் வேண்டும்.

நாயை வைத்திருப்போர் பலர் எண்ணாத விடயம் ஒன்றுண்டு. நியோஸ்போரா என்னும் நுண்ணுயிர் பசுக்களுக்குக் கன்றழிவை உண்டாக்குவது. 1988இல் இதற்குப் பெயரிட்டனர். நாயின் குடலிலேயே இது முட்டை போன்ற வித்துக்களை உண்டாக்குகின்றதென்பது 1998இல் வெளியாயிற்று. நோயுற்ற பசுவின் இளங்கொடியையோ செத்த கன்றையோ நாய் தின்னும். பின் அதன் மலம் புல்லிலும் தீனியிலும் கலக்கும். அதைத் தின்ற சினைப்பசு கன்றை இழக்கும். ஆகையால், ஈன்ற இடத்தை நாய் அணுகுமுன் துப்புரவாக்கல் வேண்டுமென மிருக வைத்தியர்கள் கூறுகின்றனர். பசு போட்ட இளங்கொடியைப் பழைய உமலிற் கட்டி, ஆலமரக் கிளையில் நாய்க்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம் யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் நெடுங்காலமாய் உண்டு.