பாவம் பார்த்தது போதும்... பிடிச்சுக் கொடுங்க!

வாரத்துக்கு நாலு போனாவது வருது மக்களே. எல்லாம் ஒரே டெம்ப்ளேட்தான். "சார், நீங்க நாய் எல்லாம் காப்பாத்துவீங்களாமே? எங்க தெருவுல ஒரு குட்டி கத்திக்கிட்டே இருக்கு. பார்க்கவே பாவமா இருக்கு. சீக்கிரம் வந்து தூக்கிட்டுப் போயிடுங்க."

"ரெண்டு நாள் நீங்க வெச்சுக்க முடியுமா?"ன்னு கேட்டா எதிர்முனையில சத்தமே இருக்காது. அப்புறம் மெதுவா வரும் பாருங்க பதிலு... மாமியாருக்கு ஆகாது, ஹவுஸ் ஓனர் விடமாட்டார், வாசல்ல டைல்ஸ் புதுசு. டைல்ஸ் புதுசாம்!

நான் ஒன்னும் ஜீவகாருண்யத் திலகம் கிடையாது. தாம்பரம் பக்கம் வீடு. காலையில மின்சார ரயிலைப் பிடிச்சு ஓடிப்போய் ஆணி பிடுங்குற சாதாரண ஆளு. பத்து வருஷத்துக்கு மேல, அடிபட்ட தெருநாயைத் தூக்கிட்டு வர்றது, வைத்தியம் பார்க்கிறது, யாராவது வீட்டுல சேர்க்கிறதுன்னு ஒரு பழக்கம் ஒட்டிக்கிச்சு. அந்த உரிமையில சொல்றேன்: தெருநாய்களோட முதல் எதிரி கல்லெடுத்து அடிக்கிறவன் இல்லை. 'பாவம்'னு சொல்லிட்டு நகர்ந்துடற நம்ம மாதிரி நல்லவங்கதான்.

கோபப்படாம கடைசி வரைக்கும் படிங்க. அப்புறம் பின்னூட்டத்துல கும்முங்க.

இதுல சந்தோஷமே இல்லைன்னு சொல்லமாட்டேன். ஒரு பின்னங்காலை லாரிக்குப் பறிகொடுத்த நாய் ஒன்னு, இருபது நாள் என் ஸ்கூட்டருக்குப் பின்னாடியே ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. கையை நீட்டினா உறுமும். இருபத்தோராவது நாள், நான் பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கும்போது சத்தமில்லாம வந்து என் பாதத்து மேல தாடையை வெச்சுப் படுத்துச்சு. நான் அரை மணி நேரம் காலை அசைக்கலை. மரத்துப்போச்சு. அப்படியே இருந்தேன்.

இன்னொன்னு கருப்புப் பெட்டைக்குட்டி. கருப்பும் வேண்டாம், பெட்டையும் வேண்டாம் என்கிற ஊர்ல ரெண்டும் சேர்ந்தா யார் எடுப்பா? நாலு மாசம் கழிச்சு, ரிட்டயர்டான ஒரு போஸ்ட்மேன் வீட்டுல எடுத்தாங்க. (தபால்காரர் வீட்டுல நாய்! கலிகாலம்தான்.) போன மாசம் பார்க்கப் போனா, ஈஸிசேர்ல உட்கார்ந்துக்கிட்டு என்னைப் பார்த்தே குரைக்குது. என்னை மறந்தே போச்சு. இதைவிட என்ன வேணும், சொல்லுங்க?

இப்ப மறுபக்கம்.

ஒரு அபார்ட்மென்ட் பின்பக்க மழைநீர்க் கால்வாயிலேர்ந்து அஞ்சு குட்டிகளை எடுத்தேன். தாய் கார்ல அடிபட்டுச் செத்துப்போச்சு. மூணாம் நாள் ஒன்னு வாந்தி எடுத்துச்சு. அப்புறம் ரத்தபேதி. அந்த வாடையை ஒரு தடவை பிடிச்சவங்களுக்கு டாக்டர் சொல்லவே வேண்டாம், பார்வோ வைரஸ். மண்ணுல மாசக்கணக்கா சாகாம கிடக்குற கிருமி. தடுப்பூசி போடாத குட்டிகளைக் கொத்தாகத்தான் தூக்கும். பென்சில் தடிமன் கால்ல நரம்பு தேடி ட்ரிப்ஸ் ஏத்தினோம். வியாழன் ஒன்னு, வெள்ளி ரெண்டு, ஞாயித்துக்கிழமை ஒன்னு. நாலு குழி. மிச்சம் ஒன்னே ஒன்னு.

அந்தத் தாய் நாய்க்கு மூணு வருஷமா தயிர்சாதம் போட்ட அம்மாகிட்ட விஷயத்தைச் சொன்னேன். அழுதுட்டாங்க. நிஜமான அழுகைதான், குறை சொல்லலை. "இந்த மூணு வருஷத்துல இது எத்தனை குட்டி போட்டிருக்கும்மா?"ன்னு கேட்டேன். "இருபது இருக்கும் தம்பி." "அதுல இப்ப எத்தனை உயிரோட இருக்கு?" பதில் இல்லை. அவங்க முந்தானையால முகத்தைத் துடைச்சுக்கிட்டு உள்ளே போயிட்டாங்க.

மூணு வருஷம் தினமும் சோறு வெச்ச கை, ஒரே ஒரு நாள் அந்த நாயைப் பிடிச்சு ஆபரேஷனுக்குக் கொடுத்திருந்தா, அந்த இருபதும் பிறந்து சாகவேண்டிய அவசியமே இல்லை. தாயும் குட்டிகளுக்கு இரை தேடி ரோட்டைக் கடந்திருக்காது.

இது என் தெருக் கதை மட்டும் இல்லை. மேற்கு வங்கத்துத் தெருநாய்க் குட்டிகளைக் கவனிச்சு 2016ல் ஒரு ஆய்வு வந்துச்சு. இனப்பெருக்க வயசை எட்டினது 19 சதவீதம் மட்டும்தான். அதாவது அஞ்சுல நாலு குட்டி போயிடுது. சாவுல பாதிக்கு மேல மனுசனால. நாம 'ஐயோ க்யூட்'னு போட்டோ எடுக்கிறோமே, அந்தக் கூட்டத்துல அஞ்சுல நாலு!

'மார்கழி மாசத்து நாய்'னு திட்டத் தெரிஞ்ச ஊருய்யா இது. மார்கழியில ஜோடி சேர்ந்தா ரெண்டே மாசத்துல, மாசியில குட்டி. பால்குடி மறந்து தெருவுக்கு வரும்போது சித்திரை வெயில். வசவுக்கு மட்டும் காலண்டர் பார்க்கத் தெரியுது, ஐப்பசியிலேயே பெட்டையைப் பிடிச்சு ஆபரேஷன் பண்ணத் தெரியலை. பைரவருக்குத் தேய்பிறை அஷ்டமியில வடைமாலை சாத்துறோம். அவர் வாகனத்துக்கு வாசல்ல பிஸ்கட். கணக்கு தீர்ந்தது!

"அதெல்லாம் எதுக்கு? மொத்தமா பிடிச்சுக் கொன்னுட்டா தீர்ந்துச்சு"ன்னு ஒரு கோஷ்டி இருக்கு. அவங்களுக்கும் வர்றேன்.

ஐயா, அதைத்தான் நம்ம மெட்ராஸ்ல நூறு வருஷத்துக்கு மேல பண்ணிப் பார்த்தாங்க. 1990கள் நடுவுல நாளுக்கு நூறு நாய்க்கு மேல கொன்னாங்க. குறைஞ்சுதா? இடம் காலியானா பக்கத்து ஏரியா நாய் வரும், குப்பை இருக்கிற வரைக்கும் வந்துக்கிட்டே இருக்கும். கடைசியில 1996ல் மாநகராட்சியே அதைக் கைவிட்டு, ப்ளூ கிராஸ் 1964லேர்ந்து பண்ணிக்கிட்டிருந்த கருத்தடை வழிக்கு வந்துச்சு.

"அதுவும் தோத்துப்போச்சே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. 2024ல் சென்னையில எடுத்த கணக்குல தெருநாய்கள் சுமார் 1.8 லட்சம். கருத்தடை ஆனது கிட்டத்தட்ட நாலுல ஒன்னு. படகுல நாலு ஓட்டை, ஒன்னை மட்டும் அடைச்சுட்டு முழுகுதேன்னா எப்படி?

ஒழுங்கா பண்ணின ஊரும் இருக்கு. ஜெய்ப்பூர்ல 1994ல் ஆரம்பிச்சாங்க. எட்டு வருஷத்துல பெட்டைகள்ல சுமார் 65 சதவீதத்துக்குக் கருத்தடையும் தடுப்பூசியும். நாய் எண்ணிக்கை 28 சதவீதம் குறைஞ்சுது. அதைவிடப் பெருசு, அந்தத் திட்டம் நடந்த பகுதியில ரேபிஸ்ல மனுசங்க சாகுறது பூஜ்யத்துக்கு வந்துச்சு.

அந்தப் பூஜ்யத்தை லேசா நினைக்காதீங்க. ரேபிஸ் அறிகுறி வந்துட்டா பிழைக்கிறது அநேகமா கிடையாது. கடிபடுறதுல கணிசமான பங்கு குழந்தைங்க. பிள்ளையைப் பறிகொடுத்த அப்பன்கிட்ட போய் "நாயும் ஒரு ஜீவன்தானே"ன்னு பேசுற நாய்ப்பிரியர்களைப் பார்த்தா எனக்கே பத்திக்கிட்டு வருது. நூறு நாய்ல எழுபதுக்குத் தடுப்பூசி போட்டா இந்த நோய் பரவ முடியாம அடங்கிடும். குழந்தையைக் காப்பாத்துற ஊசியும் நாயைக் காப்பாத்துற ஊசியும் ஒன்னுதான். இதுல எங்கேர்ந்து ரெண்டு கட்சி வந்துச்சு?

2025 ஆகஸ்ட் 11ல், டெல்லி வட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துல அடைக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டுச்சு. 22ஆம் தேதி அதை மாத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிச்சுப் பழைய இடத்திலேயே விடச் சொன்னாங்க, வெறியோ மூர்க்கமோ உள்ளதுங்க தவிர. நவம்பர்ல, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையத்துலேர்ந்து அகற்றச் சொல்லி இன்னொன்னு. ஊரே ரெண்டாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டுது. நான் பார்த்தவரைக்கும் என் பேட்டையில, ரெண்டு கோஷ்டியிலும் ஒரு பெட்டையைப் பிடிச்சுக் கொடுத்த ஆளு இல்லை.

காப்பகம்னு ஈஸியா சொல்றோம். ஒரு நாய்க்கு ஒரு நாள் தீனி 40 ரூபாய்னே வெச்சுக்குங்க. 1.8 லட்சம் நாய்க்கு நாளுக்கு 72 லட்சம். வருஷத்துக்கு 260 கோடிக்கு மேல. இடம், டாக்டர், ஆள் சம்பளம் இதுல சேரவே இல்லை. அதோட, நெருக்கியடிச்சு அடைச்ச இடத்துல அந்தப் பார்வோ நுழைஞ்சா என்ன ஆகும்னு நான் மேல சொன்ன நாலு குழி சொல்லும்.

"கருத்தடை மாநகராட்சி வேலையாச்சே"ம்பீங்க. ஆமாம், அவங்க வேலைதான். சட்டப்படியும் உள்ளாட்சியோட பொறுப்புதான். ஆனா வலையோட வண்டி வந்தா நடக்கிறது என்ன? வெள்ளைச்சட்டை வாடையைக் கண்டதும் நாய்ங்க சந்துல பாயும். சோறு போடறவங்களே "ஐயோ பாவம்"னு மாடிப்படிக்குக் கீழே ஒளிச்சு வைப்பாங்க. வண்டி காலியா திரும்பிப் போகும். யார் வலைக்கும் சிக்காத அந்த நாய், உங்க தயிர்சாதத்துக்கு உங்க காலடியில வந்து உட்காருது. அதைத் தொட முடிஞ்ச ஒரே ஆளு நீங்கதான். அதனாலதான் உங்களைத் திட்டுறேன்.

என்ன பண்ணலாம்?

1. உங்க தெரு நாய்களை எண்ணுங்க. காது நுனியில சின்னதா வெட்டு இருந்தா ஆபரேஷன் ஆனது. மத்ததைக் குறிச்சு வைங்க, பெட்டைகளை முதல்ல.

2. சோறு வைக்கும்போதே தடவிப் பழக்குங்க. மையத்துல நாள் வாங்கிட்டு நீங்களே பிடிச்சுக் கொடுங்க. பால் கொடுக்கிற தாயையும் ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச குட்டியையும் இப்ப விட்டுடுங்க. ஆபரேஷன் ஆனது திரும்ப உங்க தெருவுக்கே வருதான்னு பாருங்க.

3. வருஷா வருஷம் ரேபிஸ் ஊசி. கடிபட்டா மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். ஓடுற தண்ணியில சோப்பு போட்டுப் பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி.

4. நாய் வேணும்னா தெருக்குட்டியை எடுங்க. மெட்ராஸ் வெயில்ல ஹஸ்கியை வாங்கி, முடி கொட்டுதுன்னு பைபாஸ்ல இறக்கி விட்டுட்டுப் போற புண்ணியவான்களே... உங்களைப் பத்தித் தனிப் பதிவு வருது.

நான் எடுத்து வீடு சேர்த்தது இத்தனை வருஷத்துல நூறைத் தொடலை. பிடிச்சுக் கொடுத்த பெட்டைகளால பிறக்காமப் போன குட்டிகளோ ஆயிரத்துக்கு மேல இருக்கும். அதுங்களுக்குப் பேரும் இல்லை, போட்டோவும் இல்லை. லைக் போட யாருமில்லை. ஆனா என்கிட்ட கேட்டா, நான் உருப்படியா காப்பாத்தினது அதுங்களைத்தான்.

டிஸ்கி: "உங்களுக்கு மனுசங்க மேல இந்த அக்கறை உண்டா?"ன்னு கேட்க வர்ற அனானி அண்ணாச்சிக்கு: மூணாவது பாயிண்டை இன்னொரு தடவை படிங்க. அது மனுசங்களுக்குத்தான்.