வீட்டுப் பொட்டிக்கு ஆபீஸ் வழியா ஒரு சுரங்கம்

போன வாரம் நண்பர் ஒருத்தர் போன்ல கேட்டார். "ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள போகணும்டா, ஃபயர்வால் விட மாட்டேங்குது. உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே, ஒரு வழி சொல்லேன்." வழி தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்னுட்டேன். கோச்சுக்கிட்டு வெச்சுட்டார். அவர் கோவத்துக்குப் பதில்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், ஆணி கம்மியா இருக்கிற நேரமாப் பார்த்துப் படிங்க மக்களே.

நமக்கு ஊர் அம்மையார்குப்பம். திருத்தணி முருகன் கோயிலை எல்லாருக்கும் தெரியும், அங்கேருந்து இன்னும் உள்ளே பஸ் பிடிச்சு வரணும். ஆந்திரா எல்லை பக்கத்துலயே. ஒரு காலத்துல வீட்டுத் திண்ணையில உக்காந்து பேசினாலே செல்போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடிச்சுக்கிட்டு ரோமிங் காசைத் தின்னுடும். தறி ஓடுற ஊர். அப்பா நூல் வாங்கி, பாவு போட்டு வெளியில நெய்யக் குடுக்கிறவர். யாருக்கு எத்தனை பாவு போச்சு, எத்தனை பீஸ் திரும்பி வந்துது, கூலி பாக்கி எவ்வளவு, எல்லாம் நோட்டுல இருந்துது. அதை எக்ஸெல்ல ஏத்திக் குடுத்த புண்ணியவான் நான்தான்.

ஏத்திக் குடுத்துட்டு நான் சென்னைக்கு வேலைக்கு வந்துட்டேன். அப்புறம் சனிக்கிழமை ஆனா கூலி போடுற நேரத்துல போன் வரும். "டேய், அந்தக் கட்டமெல்லாம் காணோம்டா." "எந்தக் கட்டம்பா?" "இருந்துதே, அது." கீழே பாருங்க, சின்னதா ஷீட் ஒண்ணு, ஷீட் ரெண்டுன்னு இருக்கும்பா, அதை அமுக்குங்கன்னு நான் சொல்ல, அவர் ஸ்டார்ட் பட்டனை அமுக்க, கூலிக்கு வந்தவங்க வாசல்ல நிக்க. இதை அனுபவிச்சவங்களுக்குத்தான் வீட்டுப் பொட்டிக்குள்ள போகணும்ங்கிற ஆசை எங்கேருந்து வருதுன்னு புரியும். படம் இறக்கிப் பார்க்கிறதுக்கு மட்டும் இல்லைங்க. (அதுக்கும்தான். பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டுல ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரைக்கும் கணக்கில்லாம இறக்கிக்கலாம்னு ஒரு திட்டம் இருந்துது, ஞாபகம் இருக்கா?)

2009-ல வேலையை ஆரம்பிச்சேன். வீட்டுப் பொட்டியில வி.என்.சி. போட்டாச்சு. இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சிக்கூடம் ஒண்ணுல பொறந்த சாமான், இலவசம். அது கேக்கிறது 5900-ம் நம்பர் வாசல். ஆபீஸ் ஃபயர்வால் வெளியே போக விடுறதோ 80, 443 ரெண்டே ரெண்டு, அதாவது வெப்சைட் பார்க்கிற வாசல்கள் மட்டும். திருத்தணி மலைக்கு 365 படி, பொட்டிக்கு 65,535 வாசல், அதுல திறந்தது ரெண்டு. சரி, வீட்டுல எஸ்.எஸ்.எச். சர்வரை 443-ல உக்கார வெச்சேன். அதுக்குள்ள வி.என்.சி.யை நுழைச்சேன். வெளியேருந்து பார்த்தா யாரோ பேங்க் சைட்டைப் பார்க்கிற மாதிரி இருக்கும். (அய்யோ, வழியைச் சொல்லிட்டேனோ? போகட்டும், இது பழைய கதை. இப்போ வர்ற ஃபயர்வால் வாசல் நம்பரை மட்டும் பார்த்துட்டு விடுறதில்லை, உள்ளே ஓடுற பேச்சு எந்த மொழின்னே பார்க்குது.)

முதல் தடவை சென்னையில உக்காந்து அம்மையார்குப்பத்துல மவுஸை நகர்த்தினப்போ இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. அம்மா மட்டும் பயந்துட்டாங்க, "பொட்டி தானா ஆடுது"ன்னு.

சந்தோஷம் அதோட நின்னிருந்தா பரவாயில்லை. வர்ற வழி இருக்கும்போது போற வழியும் இருந்தா என்னன்னு தோணிச்சு. அதே எஸ்.எஸ்.எச்.ல ஒரு ஆப்ஷன் சேர்த்தா சுரங்கம் திரும்பியும் வேலை செய்யும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மெஷினைப் பூட்டாம விட்டுட்டு ஊருக்குப் போய், சனிக்கிழமை வீட்டிலிருந்தே அதுக்குள்ள நுழைஞ்சு பாக்கி ஆணியைப் புடுங்கலாம். யாரையும் கேக்கலை. கம்பெனி வேலையைத்தானே செய்யறோம், இதுல என்ன தப்புன்னு ஒரு நியாயம் வேற!

ரெண்டு மாசம் ஓடிச்சு. ஒருநாள் நெட்வொர்க் டீம்லேருந்து ஒருத்தர் வந்தார். கத்தலை, திட்டலை. "உங்க மெஷின்லேருந்து ஒரே ஐ.பி.க்கு ஒன்பது மணி நேரமா ஒரு கனெக்‌ஷன் நிக்குது. எந்த வெப்சைட்டை சார் ஒன்பது மணி நேரம் பார்ப்பீங்க?" ஒத்துக்கிட்டேன். அடுத்த கேள்விதான் ஆளை அடிச்சுது. "அந்த வீட்டு மெஷினை யார் யாரெல்லாம் யூஸ் பண்றாங்க?"

யார் யாரெல்லாம்! அப்பா. அக்கா பசங்க. பாட்டு ஏத்திக்க பென் டிரைவைத் தூக்கிக்கிட்டு வர்ற தெருப்பசங்க பாதிப் பேர். அந்த வாரமே ஊருக்குப் போய்ப் பார்த்தேன். பொட்டியில கான்ஃபிக்கர் வைரஸ். 2008 நவம்பர்ல கிளம்பி உலகம் பூரா லட்சக்கணக்கான மெஷின்ல புகுந்த அதே புழுதான். நெட்வொர்க் ஓட்டை வழியாவும் பரவும், பென் டிரைவைச் செருகினாலும் பரவும். அதுலேருந்து எங்க ஆபீஸுக்குள்ள நேரா ஒரு சுரங்கம், வெட்டினது நான். நான் திறந்து வெச்சிருந்தது ஒரே ஒரு வாசல், புழு பரவுற வாசல் அது இல்லைங்கிறதால தப்பிச்சேன். சாமர்த்தியம்லாம் இல்லை, அதிர்ஷ்டம். வேலை போகலை. எழுத்துல எச்சரிக்கை, அந்த வருஷ அப்ரைசல்ல ஒரு மொட்டை மார்க், அவ்வளவுதான். இன்னொரு கம்பெனியா இருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பாங்க.

இது பழைய கதைன்னு நினைக்கிறவங்களுக்கு லாஸ்ட்பாஸ் கதை. உலகத்தோட பாஸ்வேர்டை எல்லாம் பத்திரமா வெச்சுக்கிற கம்பெனி. 2022-ல திருடங்க முக்கியமான சாவி கையில இருந்த நாலே நாலு இன்ஜினீயர்ல ஒருத்தரைக் குறி வெச்சாங்க. ஆபீஸ்ல இல்லை, அவர் வீட்டுக் கம்ப்யூட்டர்ல. அதுல படம் பாட்டு ஓட்டுற பிளெக்ஸ்னு ஒரு மென்பொருள், பழைய வெர்ஷன். அந்த ஓட்டையை பிளெக்ஸ்காரங்க 2020 மே மாசமே அடைச்சுட்டாங்க, இவர்தான் அப்டேட் பண்ணலை. அதுவழியா உள்ளே வந்து, கீபோர்டுல அடிக்கிறதை ஒட்டுக்கேட்டு, மாஸ்டர் பாஸ்வேர்டைத் தூக்கி, வாடிக்கையாளர்களோட பெட்டகங்களின் பேக்கப் வரைக்கும் போயிட்டாங்க. பெட்டகம் பூட்டித்தான் இருந்துது, ஆனா பெட்டியோட கொண்டுபோனா உடைக்கிறதுக்கு அவனுக்கு அவசரமா என்ன? நம்ம வீட்டுப் பொட்டி நம்ம சொந்த விஷயம்ங்கிற பேச்சு எனக்கு அதோட சுத்தமா போச்சு.

அதுக்காக எல்லாத்தையும் மூடுற ஆபீஸுங்க பக்கம் நான் பேசறேன்னு நினைக்காதீங்க. 2022 ஜூன்ல நம்ம மத்திய அரசோட என்.ஐ.சி. ஊழியர்களுக்கு ஒரு பட்டியல் குடுத்துது. டீம்வியூவர், எனிடெஸ்க் மாதிரி எதுவும் கூடாது, வெளியாள் வி.பி.என். கூடாதுன்னு. அரசாங்க ஃபைல் இருக்கிற மெஷினுக்கு அது நியாயம். ஆனா பல ஆபீஸ்ல வெறும் "கூடாது"தான் இருக்கு, "இப்படிச் செய்ங்க"ன்னு ஒரு வரி இருக்காது. வீட்டுல வயசானவங்களை விட்டுட்டு வந்தவன் என்ன பண்ணுவான்? வழி இல்லைன்னா சுரங்கம்தான் வெட்டுவான். நான் வெட்டினேனே. கேட்டிருந்தா குடுத்திருப்பாங்களான்னு தெரியாது, ஆனா கேக்கவே இல்லைங்கிறது என் தப்பு.

இப்போ அந்தச் சாக்கும் இல்லைங்க. 2009-ல ஆபீஸ் நெட்டை விட்டா எனக்கு வேற நெட் கிடையாது. இன்னிக்குப் பாக்கெட்டுலயே இருக்கு. நண்பருக்கு நான் சொல்றது இதுதான்: உங்க போன், உங்க டேட்டா, மதியச் சாப்பாட்டு நேரம். ஆபீஸ் மெஷினும் ஆபீஸ் ஒயரும் இந்தக் கதையிலயே வர வேண்டாம். வீட்டுப் பக்கம், ரவுட்டர்ல வாசலைத் திறந்து வைக்கிற பழைய வித்தை இப்போ முக்கால்வாசி கனெக்‌ஷன்ல பலிக்காது, ஆயிரம் வீட்டுக்கு ஒரே ஐ.பி.யைப் பங்கு போட்டுக் குடுக்கிறாங்க. பலிச்சாலும் விண்டோஸோட 3389-ஐ ஊருக்குத் திறந்து வைக்காதீங்க. 2019-ல புளூகீப்னு ஒரு ஓட்டை வந்தப்போ மைக்ரோசாஃப்ட், கைகழுவிட்ட எக்ஸ்.பி.க்கே மருந்து குடுத்துது, அவ்வளவு பயம். டெயில்ஸ்கேல் மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டா ரெண்டு முனையும் உள்ளேருந்து வெளியே வந்து கைகுலுக்கிக்கும், வாசலே திறக்க வேண்டாம். முடிஞ்சா அப்பா கணக்குக்குத் தனிப் பொட்டி, பசங்க பாட்டுக்குத் தனிப் பொட்டி. நான் அப்படித்தான் வெச்சிருக்கேன்.

தொழில்நுட்பத்தை விட எனக்கு ரொம்ப நேரம் பிடிச்சது அப்பாவுக்கு ஒரு விஷயம் சொல்லிப் புரிய வைக்கிறதுதான். நான் உள்ளே வர்ற அதே மாதிரி சாமானை வெச்சுத்தான் "பேங்க்லேருந்து பேசறேன்"னு எவனாவது வருவான். 2019 பிப்ரவரியிலயே ரிசர்வ் வங்கி எனிடெஸ்க் பேரைச் சொல்லி பேங்குகளை எச்சரிச்சுது. அதனால எங்க வீட்டுல ஒரு ஏற்பாடு. நான் உள்ளே வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணுவேன். என் குரல் கேக்காம மவுஸ் நகர்ந்தா, கேள்வியே இல்லை, ஒயரைப் புடுங்கிடணும்.

போன மாசம் அவசரத்துல போன் பண்ண மறந்துட்டு உள்ளே போனேன். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, திரை கருப்பாச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு அப்பாகிட்டேருந்து போன். "டேய், எவனோ உள்ள வந்தான்டா. புடுங்கிட்டேன்."