பராமரிப்போரைப் பராமரிப்பது யார்?



நல்ல சமாரியர் உவமையை நாம் எத்தனையோ தடவைகள் கேட்டிருக்கிறோம். எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் குற்றுயிராய்க் கிடந்தவர்மீது மனமிரங்கிய அவர், காயங்களைக் கட்டுகிறார். தாம் ஏறிவந்த விலங்கிலே அவரை ஏற்றிச் சாவடியில் சேர்க்கிறார். மறையுரைகளில் பெரும்பாலும் கதை இவ்விடத்தோடு நின்றுவிடும். ஆனால் நற்செய்தியாளர் லூக்கா (10:35) மறுநாள் நடந்ததையும் எழுதியிருக்கிறார். சமாரியர் இரண்டு தெனாரியங்களைச் சாவடிப் பொறுப்பாளரிடம் கொடுத்து, பராமரிப்பை அவரிடம் ஒப்படைக்கிறார். மேலதிகச் செலவு ஏற்படின் திரும்பி வரும்போது தருவதாகவும் கூறுகிறார். ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு தொழிலாளியின் நாட்கூலி. இரக்கத்துக்கு முன்மாதிரியாக ஆண்டவர் காட்டிய மனிதர், எல்லாவற்றையும் தனியே சுமந்தவர் அல்லர்.

இன்று நம் குடும்பங்களில் ஐம்பது வயதை அண்மித்த பெண்கள் பலரது நாள் எவ்வாறு கழிகிறது? பாரிசவாதத்தால் படுக்கையிலிருக்கும் மாமியார், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இரவிரவாகப் படிக்கும் பிள்ளை. காலையில் நேரந்தவறாது சென்றாக வேண்டிய பாடசாலை அல்லது அலுவலகம். கூடப்பிறந்தவர்களோ கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறார்கள். அவர்கள் அனுப்பும் பணத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆயினும் படுக்கைப்புண் வராதிருக்க நள்ளிரவில் எழுந்து நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பதற்கு அந்தப் பணம் வருவதில்லை. அதற்கு அந்த ஒருவரின் கைகளே இருக்கின்றன. சில வீடுகளில் அந்த ஒருவர், திருமணமாகாத மகனாகவோ மனைவியை இழந்த மருமகனாகவோ இருப்பதும் உண்டு.

மாமியாரின் கிளினிக் திகதி அவருக்கு மனப்பாடம். தமது இரத்த அழுத்தத்தை இறுதியாக எப்போது அளந்தார் என்று கேட்டால் சிரித்து மழுப்புவார். நம் நாட்டில் 1996 ஆம் ஆண்டு முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. இரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பக, கருப்பைக் கழுத்துப் பரிசோதனைகள் அங்கே இலவசம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். அந்த ஒரு காலைப்பொழுதை எடுத்துக்கொள்வது சுயநலம் என்று எவரும் உங்களுக்குச் சொல்ல அனுமதிக்காதீர்கள். நீங்களே உங்களுக்குச் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

இறைவாக்கினர் எலியா களைத்துப்போய், சாவை வேண்டிச் சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்டார் (1 அரசர்கள் 19). அவநம்பிக்கை கொண்டாய் என்று கடவுள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். மீண்டும் தூங்கவிட்டு, மீண்டும் கொடுத்தார். புதிய பணிகளை ஒப்படைத்தது அதற்குப் பின்னரே.

ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டோமே என்ற குற்றவுணர்வு இவர்களில் பலரை வாட்டுகிறது. பாரதூரமான காரணம் இருப்போரை இக்கடமை கட்டுப்படுத்தாது என்பதைக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (2181) தெளிவாகவே கூறுகிறது. தனியே விட்டுச்செல்ல இயலாத நோயாளியை விட்டு வரும்படி திருச்சபை எவரையும் கேட்பதில்லை. உங்கள் பங்குத்தந்தையோடு இதைப்பற்றி ஒரு தடவை பேசுங்கள். மனச்சுமை பாதி இறங்கிவிடும்.

ஆனால் இதை அவர்களுக்கு மட்டும் சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது நியாயமன்று. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2021 இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாளை யூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று கொண்டாடுகிறோம். பல பங்குகளில் முதியோரை முன்வரிசையில் அமர்த்தி மதிப்பளிக்கிறோம், நல்லதே. விடியற்காலையில் அவர்களைக் குளிப்பாட்டி, உடுத்தி, முச்சக்கரவண்டி பிடித்து அழைத்து வந்தவர் ஆலயத்தின் பின்புறத்தில் நிற்கிறார். அவரை ஒரு தியாகி என்று புகழ்வது எளிது. புகழ்ந்தவர்கள் வீடு திரும்பிவிடுவார்கள். அவரோ மீண்டும் அந்தக் கட்டிலருகே.

பங்கிலுள்ள பக்த சபைகள் நோயாளரைச் சந்திக்கச் செல்வது அருமையான பணி. பத்து நிமிடங்கள் செபித்துவிட்டுத் திரும்புகிறார்கள். (வந்தவர்களுக்குத் தேநீர் தயாரிக்கும் வேலையும் அந்தப் பெண்ணுக்கே சேர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.) செபித்தபின் இருவர் அங்கேயே தங்கி, இரண்டு மணிநேரம் நோயாளியைப் பார்த்துக்கொண்டால் என்ன? வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களும், இரவுக் கடமைக்குச் சம்பளத்துக்கு ஒருவரை வாரத்தில் இரு நாட்களாவது அமர்த்த முன்வரலாம். விடுமுறையில் ஊருக்கு வரும்போது ஒரு கிழமை முழுப் பொறுப்பையும் தாமே ஏற்று, அக்காவையோ தங்கையையோ மடுத் திருத்தலத்துக்கு அனுப்பிவைக்கலாம்.

உங்கள் தெருவில் அத்தகைய ஒரு வீடு இருக்கும். வருகிற ஞாயிறு காலைத் திருப்பலிக்கு அந்தச் சகோதரி வருவதாயின், அந்த ஒன்றரை மணிநேரம் அங்கே இருக்கப்போவது யார் என்பதை இந்த வாரமே பேசி முடிவு செய்யுங்கள்.