பெரிய வீட்டிலிருந்து பின்வீட்டுக்கு: உம்மாமாரை அவசரப்படுத்தாதீர்கள்



கல்யாணக் காலம் வந்துவிட்டால் நமது கிழக்கிலங்கை ஊர்களில் மாப்பிள்ளையைப் பற்றிக் கதைக்கிறோம். மண்டபம், சாப்பாடு, வீட்டுக்கு அடிக்கும் பெயின்ட், புது டைல்ஸ் என்று கதைக்கிறோம். அந்த வீட்டில் இருபது முப்பது வருடம் குடியிருந்த உம்மாவும் வாப்பாவும் எங்கே போகப் போகிறார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. "பின்னால சின்னதா ஒரு வீடு கட்டியிருக்காங்க" என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும்.

அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம்.

பெண் பிள்ளைக்கு வீடு கொடுப்பது நமக்குப் புதிதல்ல. காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் தாய்வழிக் குடி முறையோடு சேர்ந்து வந்த வழக்கம் இது. அயல் ஊர்த் தமிழ்ச் சகோதரர்களிடமும் இதே வழக்கம் உண்டு. அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். மூத்த மகளுக்கு இருக்கிற வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் மற்றப் பிள்ளைகளோடு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். அடுத்த மகளுக்கு அதையும் கொடுப்பார்கள். கடைசி மகள் கல்யாணம் முடிக்கும்போது அவர்களுக்கு மிஞ்சுவது வளவின் பின்பக்கத்தில் ஓர் அறையும் ஒரு குசினியும்தான். இந்த வழக்கம் சரியா பிழையா, சீதனம் கூடுமா கூடாதா என்பது வேறு விவாதம். அதை நாங்கள் இங்கே எடுக்கவில்லை. வீடு மாறுவது என்று முடிவான பிறகு அது எப்படி நடக்கிறது என்பதுதான் எங்கள் கவலை.

எப்படி நடக்கிறது? கல்யாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது பெயின்ட் அடிக்கும் ஆட்கள் வந்து நிற்பார்கள். "அறையை ஒழிச்சித் தாங்க" என்பார்கள். மகன்மார், மருமகன்மார், அயலவர்கள் எல்லோரும் கை கொடுப்பார்கள். அலுமாரி ஒரு பக்கம், கட்டில் ஒரு பக்கம் போகும். உம்மாவின் பெட்டகத்தில் இருந்தவை சீமெந்துப் பைகளுக்குள் போகும். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று பிறகு யாருக்கும் தெரியாது. மிச்சம் பழைய இரும்பு, பித்தளை வாங்கும் வண்டிக்குப் போகும். நடுவில் உம்மா நின்றுகொண்டு, "அத வெய்ங்க மகன்" என்று சொல்வது யாருடைய காதிலும் விழாது.

பெரிய வீட்டில் நாலு அறைச் சாமான் இருந்தால் சின்ன வீட்டுக்குள் எல்லாம் போகாது. அது உண்மை. புதுப் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும். அவர்கள் ஆசைப்பட்டு வாங்கிய தளபாடத்தை எங்கே வைப்பார்கள்? மகளையோ மருமகனையோ குறை சொல்லி இதை எழுதவில்லை. பல வீடுகளில் மகள்தான் உம்மாவைக் கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிறாள். உம்மாமாரும் வாய் திறப்பதில்லை. கேட்டால், "எனக்கி ஒண்டும் தேவல்ல மகள், எல்லாம் உங்களுக்குத்தானே" என்பார்கள். அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் நாங்கள் சொல்ல வருவது. கல்யாண வீட்டில் கண்ணைக் கசக்க விரும்பாத ஒரு தாயின் சொல் அது.

எதைக் கொண்டுபோவது, எதைக் கொடுப்பது, எதை வீசுவது என்ற தீர்மானம் அந்த வீட்டை நடத்தியவருடையது. அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். மூன்று நாள் போதாது, குறைந்தது மூன்று மாதம் வேண்டும். ஒரு கிழமைக்கு ஓர் அலுமாரி என்று தொடங்கினால் யாருக்கும் பாரமில்லை. பிள்ளைகள் பக்கத்தில் இருந்து தூக்கிக் கொடுக்கட்டும், தூசு தட்டட்டும். முடிவை உம்மா சொல்லட்டும்.

சில விடயங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, சின்ன வீடு. பெரிய வீட்டுக்கு டைல்ஸ் பதிக்க முன்னர் பின்வீடு முடிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. காசு முழுவதும் முன்வீட்டில் முடிந்து, பின்வீட்டுக்குத் தகரமும் பூசாத சுவரும் மிஞ்சுகிறது. மலசலகூடம் வெளியே இருந்தால் எழுபது வயதில் மழைக்காலத்து இரவில் எப்படிப் போவார்கள்? படி இல்லாத வாசல், வழுக்காத நிலம், பிடித்து எழும்ப ஒரு கம்பி, காற்று வரும் ஒரு ஜன்னல் வேண்டும். பெரிய செலவில்லை, மேசனிடம் முதலிலேயே சொன்னால் போதும். சிறியதாக இருந்தாலும் தனிக் குசினி இருக்கட்டும். தன் கையால் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடிக்க முடிகிறவரை ஒரு தாய் தன் வீட்டில்தான் இருக்கிறாள்.

இரண்டாவது, பத்திரங்கள். காணி உறுதி, பேர்மிட், பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், நிக்காஹ் பதிவு, பென்சன் கடதாசி, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் முதல் நாளே ஒரு பையில் போட்டு, சாமான் லொறியில் ஏற்றாமல் கையில் கொண்டுபோங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனைக்குடி மக்கள் இந்தக் கடதாசிகளுக்காக எத்தனை அலுவலகம் ஏறி இறங்கினார்கள் என்று நமக்குத் தெரியும். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து இரண்டு பிள்ளைகளுக்கு அனுப்பிவையுங்கள்.

உறுதி என்றதும் இன்னொன்று. வீட்டை எழுதிக் கொடுக்கும் நாளில் வாப்பாமார் நொத்தாரிசு நீட்டிய இடத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வருகிறார்கள். நமது நன்கொடைகளுக்கான 1931ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, மீளப்பெற முடியாதது என்று உறுதியில் எழுதியிருந்தால்தான் நன்கொடை அப்படிக் கருதப்படும். ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது. பெற்றோரின் சீவிய உரித்தை ஒதுக்கி வைத்து உறுதி எழுதவும் நாட்டில் இடமிருக்கிறது. பின்வீடு நிற்கும் துண்டு யாருடைய பெயரில் இருக்கிறது, போய்வரப் பாதை உண்டா, கிணறு பொதுவா என்று வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது பிள்ளைகளில் நம்பிக்கையில்லாமல் அல்ல. நாளை அந்தப் பிள்ளைகளும் வளவைப் பிரித்துக் கொடுக்க வேண்டியவர்கள்தான்.

மூன்றாவது, பழைய சாமான்கள். வெண்கல வட்டா, படிக்கம், பாக்குவெட்டி, நெல் அளந்த மரைக்கால், கந்தூரிக்குச் சோறாக்கிய கிடாரம், மருதமுனைத் தறியில் நெய்த சாரன். பாடசாலையில் படிக்கம் என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் விழிக்கிறார்கள். அதே பிள்ளைகளைக் காத்தான்குடி நூதனசாலைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடிக்குள் காட்டுகிறோம். அவர்களின் மூத்தம்மாவின் வட்டா கிலோக் கணக்கில் போய்விட்டது. எல்லாவற்றையும் வைத்திருக்கச் சொல்லவில்லை. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு பொருளைக் கையில் கொடுத்து, அதன் கதையையும் சொல்லிக் கொடுங்கள். ஆளுக்கு ஒன்று போதும்.

கடதாசிகளிலும் கவனம் தேவை. பரணில் கிடக்கும் அறபுத் தமிழ்க் கிதாபுகள், பழைய கணக்குக் கொப்பிகள், படங்கள் என்பவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் கொடுக்க முன்னர் விடயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நூலகம் இணையத்தளத்தினர் இப்படியான ஆவணங்களை எண்ணிமப்படுத்தி வைக்கிறார்கள். ஒரு ஊரின் சரித்திரம் ஒரு சீமெந்துப் பையோடு போய்விடக் கூடாது.

நான்காவது, அமானிதம். அயல் வீட்டு இடியப்பத் தட்டு, பள்ளிவாசல் சஹன், யாரோ வைத்துவிட்டுப் போன பெட்டி என்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும். மூட்டை கட்டும் நேரம்தான் அவற்றை உரியவரிடம் சேர்க்கும் நேரம். நல்ல நிலையில் உள்ள கட்டில், மெத்தை, பாத்திரங்களைக் கழுவித் துடைத்து, தேவைப்பட்டவர் வீட்டுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுப்போம். உடைந்ததைக் கொடுத்துவிட்டு சதகா என்று சொல்ல வேண்டாம்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணி நேரம். எதை எடுப்பது என்று யோசிக்கக்கூட அவகாசமில்லாமல் புத்தளம் வந்து சேர்ந்தவர்கள் அவர்கள். 2004இல் கடலோர மக்களுக்கு அந்த நேரமும் கிடைக்கவில்லை. நமது வீடுகளில் நடப்பது சந்தோஷமான காரணத்துக்கான இடமாற்றம். நாளும் தெரியும், இடமும் தெரியும். அப்படியிருந்தும் நம் பெற்றோரை ஏன் துரத்துகிற மாதிரி அனுப்ப வேண்டும்?

வருகிற மாதங்களில் உங்கள் வீட்டிலோ அயலிலோ கல்யாணம் இருந்தால், இன்றைக்கே உம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "புது இடத்துக்கு எதையெல்லாம் கொண்டுபோக விருப்பம் உம்மா?" என்று கேளுங்கள். "ஒண்டும் தேவல்ல" என்றால் இரண்டு நாள் கழித்துத் திரும்பக் கேளுங்கள்.

உங்கள் ஊரில் இது எப்படி நடக்கிறது, நல்லபடியாகச் செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று எழுதுங்கள். மற்றவர்களுக்கும் பயன்படும். வல்ல அல்லாஹ் நம் பெற்றோர் இருக்கும் இடம் எதுவானாலும் அதில் நிம்மதியைத் தருவானாக. ஆமீன்.