கரையேறும் வலைகளும் கடையேறாத் தமிழும்

நிலத்தில் வாழும் மாந்தன் தன் குப்பையைக் கொட்டுதற்குக் கடலைவிடப் பெரிய குழி வேறில்லை என்று முடிவு கட்டிவிட்டான் போலும். 2010-ஆம் ஆண்டில் மட்டும் நிலத்திலிருந்து கடலுக்குள் சென்ற நெகிழிக் கழிவு 48 இலக்கம் தொன்னுக்கும் 127 இலக்கம் தொன்னுக்கும் இடைப்பட்டிருக்கும் என்று 2015-இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. கடலிலேயே கைவிடப்படும் மீன்வலைகள் இக் கணக்கில் சேரா. அறுந்து மூழ்கிய நைலான் வலை எளிதில் மட்குவதில்லை. வலைஞன் கரை திரும்பிய பின்னும் அது தானே மீன்பிடித்துக் கொண்டிருக்கின்றது. பிடித்ததை உண்பாரும் இல்லை, விற்பாரும் இல்லை. ஆமையும் ஆவுளியாவும் மூச்செடுக்க மேலெழ இயலாமல் அதில் சிக்கிச் சாகின்றன.

இந்நிலையில் தென்னமெரிக்காவின் சிலி நாட்டுக் கரையில் 2013-ஆம் ஆண்டு மூன்று இளைஞர்கள் ஒரு சிறு தொழில் தொடங்கினர். மூவரும் அமெரிக்கர், பெருஞ்செல்வர் அல்லர். பழுதடைந்த வலையை என்ன செய்வது என்று அறியாமல் கரையிலே குவித்தும் கடலிலே வீசியும் வந்த மீனவர்களிடம், "எறிய வேண்டா, எங்களிடம் தருக" என்றனர். வலைக்கு ஈடாகப் பணமும் தந்தனர். வாங்கிய வலையைக் கழுவி, நறுக்கி, உருக்கி, சிறு மணிகளாக்கி, அம் மணிகளைக் கொண்டு மீன் வடிவத்தில் சறுக்குப் பலகைகளை வார்த்தனர். பின்னர் அவ்வலைப் பொருளையே பட்டகோனியா என்னும் அமெரிக்க உடை நிறுவனம் தன் தொப்பிகளின் முன்விளிம்பிற்கும் மேலாடைகளுக்கும் வாங்கத் தொடங்கியது.

இதில் நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. கடலின் நடுவே மிதக்கும் குப்பையை அள்ளப் போகின்றோம் என்று அவர்கள் முழங்கவில்லை. மூழ்கிய வலையை மீட்பது அரிது, செலவும் மிகுதி. கரையில் கிடக்கும் வலையைக் கடலுக்குள் போகாமல் தடுப்பதோ எளிது. எறியப்படும் பொருளுக்கு ஒரு விலை வைத்தால் எறியும் கை தானே தயங்கும். அறிவுரையும் தண்டமும் செய்யாத வேலையைத் தராசு செய்கின்றது.

இனி, அந்நிறுவனத்தின் பெயருக்கு வருவோம். 'புரேயோ' என்பது அப்பெயர். சிலி நாட்டின் தொல்குடிகளான மாப்புச்சே மக்களின் மொழியில் அதற்கு 'அலைகள்' என்பது பொருள் என நிறுவினோரே கூறுகின்றனர். மாப்புச்சேயர் யார்? இசுபானியப் பேரரசையே எதிர்த்து நின்று, 1641-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தம் எல்லையை ஒப்புக்கொள்ளச் செய்தவர்கள். பின்னர் 1861 முதல் 1883 வரை சிலி அரசு நடத்திய படையெடுப்பால் மண்ணை இழந்தவர்கள். ஆட்சி போயிற்று; நிலமும் போயிற்று; சொல் மட்டும் போகவில்லை. அயலார் மூவர் தம் ஆங்கிலத்தை ஒதுக்கிவைத்து அச்சொல்லை எடுத்துக்கொண்டனர். அது மதிப்பா, வெறும் விற்பனை உத்தியா என்று ஒருவர் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். ஆயினும் நம் கடைத்தெருவில் நின்றுகொண்டு அதைக் கேட்கும் தகுதி நமக்கு உண்டா? பாக்குமட்டைத் தட்டும் பனையோலைப் பெட்டியும் செய்து விற்கும் நம் தமிழ் இளைஞர் பலர், பொருளைத் தமிழ்மண்ணிலிருந்து எடுத்துவிட்டுப் பெயரை ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்குகின்றனர். கருப்பட்டி ஓலைக்கொட்டானில் வந்த நாளில் அக் கொட்டானுக்கு யாரும் ஆங்கிலப் பெயர் தேடியதில்லை! கட்டுமரம் என்ற நம் சொல்லையே ஆங்கிலன் கடன் கொண்டுபோனான் என்பதையாவது இவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டாவா?

நம் கடலின் நிலை என்ன? பருத்தி நூலிலும் சணலிலும் வலை பின்னிய காலத்தில், அறுந்த வலை கடலிலேயே இற்றுப் போயிற்று. 1950-களின் பிற்பகுதி தொடங்கி நைலான் வந்தது, உழைப்புக் குறைந்தது, பிடிப்பு மிகுந்தது. அதற்காக மீனவரைக் குறை கூறுவது நேர்மையன்று. பழைய வலையை எங்கே கொடுப்பது என்று கேட்கும் அவர்க்குத் துறைதோறும் விடை இருந்ததா? மன்னார்க் குடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்த கடலை 1986-இல் காப்பகமாக அறிவித்தார்கள். பாக்கு நீரிணைப் பகுதியில் ஆவுளியாவுக்கென 2022-இல் தனிக் காப்பகம் அறிவித்தார்கள். அறிவிப்பு வலைக்குத் தெரியாது.

2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்ததையும், 2021 திசம்பரில் மஞ்சள் பையை மீட்கும் இயக்கம் தொடங்கியதையும் நாம் வரவேற்கின்றோம். ஆனால் காய்கறி விற்கும் தாயின் கூடையில் நெகிழிப்பையைத் தேடும் சட்டத்தின் கை, கப்பல் முதலாளியின் கழுத்துவரை நீள்வதில்லை. 2021-இல் கொழும்பை அடுத்த கடலில் எரிந்து மூழ்கிய எக்சுபிரசு பேர்ள் கப்பல் ஏறத்தாழ 1,680 தொன் நெகிழி மணிகளைச் சுமந்திருந்தது. 2025 மே 25-இல் கொச்சிக்கு அப்பால் எம்.எசு.சி. எல்சா 3 மூழ்கியது. அதன் வெண்மணிகள் குமரிக் கரையிலும் ஒதுங்கின. மணலோடு மணலாய்க் கலந்துவிட்ட அம்மணிகளைச் சல்லடை கொண்டு சலித்தெடுக்க வேண்டியதாயிற்று. மீன் அவற்றை முட்டை என்று எண்ணி விழுங்கும். அம் மீனை நாம் உண்போம். 2025 சூலையில் இலங்கை உச்ச முறைமன்றம் எக்சுபிரசு பேர்ள் கேட்டிற்கு நூறு கோடி அமெரிக்க வெள்ளி இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தமிழ்க்கடலின் இழப்பிற்கு அதுபோல் ஒரு தொகை கேட்கும் குரல் தில்லியில் எழ வேண்டும். அதை எழுப்பச் செய்வது சென்னையின் கடமை.

சறுக்குப் பலகையால் பெருங்கடல் தூய்மையாகிவிடும் என்று நம்பும் பேதைமை நமக்கில்லை. நெகிழியைப் படைத்து விற்கும் பெருமுதலாளிகளின் ஆலை ஓடிக்கொண்டிருக்கும் வரை சிறுதொழிலகம் ஓட்டைப் படகில் நீர் இறைப்பதாகவே இருக்கும். அதற்காக இறைக்காமல் இருப்பார் உண்டோ?

தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் நாகையிலும் காசிமேட்டிலும், மீன் இறங்கும் ஒவ்வொரு துறையிலும், பழைய வலையை எடைபோட்டு வாங்கும் நிலையம் ஒன்று மீனவர் கூட்டுறவின் கையிலேயே இருக்கட்டும். தரகரின் கைக்கு அது போகலாகாது. விலையை முன்கூட்டியே பலகையில் எழுதி வைக்கட்டும். உருக்கி வார்க்கும் பட்டறைக்கு அரசு கடன் தரட்டும். அந்நிலையத்தின் வாயிலில் தொங்கும் பெயர்ப்பலகை தமிழில் இருக்கட்டும். அதனை எழுதிக் கொடுக்க நம் தோழர்கள் அணியமாய் உள்ளனர்.